முதல் காருக்கு இன்சூரன்ஸ்: புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

லைசென்ஸ் கைக்கு வந்ததும் வீட்டில் கார் பேச்சு தொடங்கிவிடும். எந்த கார், என்ன மைலேஜ், புதுசா பழசா என்று மாதக்கணக்கில் அலசுவோம். இன்சூரன்ஸை மட்டும் கடைசி நாளில், ஷோரூம்காரர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவோம். சில ஆயிரம் ரூபாய் வீணாவதும், நாளைக்குக் கிளைம் என்று போகும்போது பணம் வராமல் போவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இளம் ஓட்டுநருக்கு மலிவான இன்சூரன்ஸ் என்று இணையத்தில் தேடினால் வரும் யோசனைகளில் பல பிரிட்டனுக்கு எழுதப்பட்டவை. அங்கே பதினெட்டு வயதுப் பிள்ளை கார் ஓட்டினால் பிரீமியம் பல மடங்கு ஏறும். அதற்குப் பயந்து அப்பாவை முக்கிய ஓட்டுநர் என்று காட்டினால் அது மோசடிக் குற்றம். லண்டனில் உறவினர் இருந்தால் இந்தத் தலைவலியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் நாட்டுக் கணக்கு வேறு. இங்கே பிரீமியத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காரும் அதன் காகிதங்களும்தான். ஓட்டுபவருக்கு 19 வயதா 49 வயதா என்பதால் பெரிய வித்தியாசம் வராது. அதனால் குறைந்த செலவில் இன்சூரன்ஸ் எடுப்பது என்பது கொட்டேஷன் கேட்கும் நாளில் தொடங்கும் வேலை இல்லை. எந்த காரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், யார் பெயரில் வாங்குகிறீர்கள், பெயர் மாற்றத்தை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறீர்கள் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் முதல் கார் வாங்குபவரை மனதில் வைத்து, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் படி: லைசென்ஸில் என்ன எழுதியிருக்கிறது?

எந்த பாலிசியை எடுத்தாலும் அதில் ஓட்டுநர் பற்றிய நிபந்தனை ஒன்று இருக்கும். செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்கும் யாரும் அந்த காரை ஓட்டலாம் என்பதுதான் அதன் சாரம். உங்கள் லைசென்ஸில் கியர் உள்ள இரு சக்கர வாகனம் மட்டும் பதிவாகியிருந்தால் கார் ஓட்ட அது லைசென்ஸே இல்லை. எல்.எம்.வி. (இலகு ரக மோட்டார் வாகனம்) என்ற பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். பைக்குக்கு எடுத்த கார்டையே நம்பி காரை எடுப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். விபத்து நடந்தால் கார் ரிப்பேருக்கான பணம் கிடைக்காது. அடிபட்டவருக்கு நஷ்டஈட்டை முதலில் கம்பெனி கொடுத்தாலும், பிறகு அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

எல்.எல்.ஆர். காலத்தில் ஓட்டினாலும் பாலிசி செல்லும். ஆனால் காரின் முன்னும் பின்னும் எல் போர்டு இருக்க வேண்டும், கற்றுக்கொடுக்க லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். 18 வயது ஆகாத தம்பி தங்கையிடம் சாவியைக் கொடுப்பது இன்சூரன்ஸோடு முடியும் விஷயம் இல்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவில் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. காரின் பதிவும் 12 மாதங்களுக்கு ரத்தாகும்.

இரண்டாவது படி: பிரீமியம் தாளைப் பிரித்துப் படியுங்கள்

கொட்டேஷனின் அடியில் இருக்கும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது. அதில் நான்கு பகுதிகள் இருக்கின்றன.

தேர்ட் பார்ட்டி: உங்கள் காரால் மற்றவருக்கு வரும் உயிரிழப்பு, காயம், சொத்துச் சேதத்துக்கு. சட்டப்படி கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. இதன் விலையை அரசு நிர்ணயிக்கிறது, கம்பெனி நிர்ணயிப்பதில்லை. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி ஓராண்டுக்கு 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1000 முதல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இந்தத் தொகை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ‘எங்களிடம் தேர்ட் பார்ட்டி பாதி விலை’ என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் யாராவது சொன்னால் அந்தத் தாள் போலி என்று அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம்.

ஓன் டேமேஜ்: உங்கள் சொந்த காருக்கு வரும் சேதம், திருட்டு, தீ, வெள்ளம் போன்றவற்றுக்கு. 2007 ஜனவரி முதல் இதன் விலையைக் கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறுவது, பேரம் பேச முடிவது எல்லாம் இந்த ஒரு பகுதியிலும், அதோடு விருப்பப்பட்டுக் கூடுதலாகச் சேர்க்கும் ஆட்-ஆன் கவர்களிலும்தான்.

மூன்றாவது, உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்து கவர். நான்காவது ஆட்-ஆன்கள். எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.

இந்தத் தனிநபர் விபத்து கவர் உங்கள் பைக் பாலிசியிலோ தனி பாலிசியாகவோ ஏற்கெனவே 15 லட்சத்துக்கு இருந்தால், அதைத் தெரிவித்துவிட்டு கார் பாலிசியில் நீக்கச் சொல்லலாம். பைக் வைத்திருக்கும் இளைஞர்கள் பலர் தெரியாமல் இரண்டு இடத்திலும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது படி: காரைத் தேர்ந்தெடுக்கும்போதே கணக்குப் போடுங்கள்

1000 சி.சி. என்ற கோடு முக்கியமானது. 998 சி.சி. எஞ்சின் உள்ள கார் கோட்டுக்குக் கீழே, 1197 சி.சி. எஞ்சின் கோட்டுக்கு மேலே. வித்தியாசம் ஆண்டுக்கு 1,322 ரூபாய், அதற்கு மேல் வரி. புது கார் என்றால் 2018 செப்டம்பர் முதல் மூன்று ஆண்டு தேர்ட் பார்ட்டியை மொத்தமாக எடுக்க வேண்டும். 2022 விலைப்படி அது 6,521 ரூபாய்க்கும் 10,640 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம். 1500 சி.சி.யைத் தாண்டினால் 24,596 ரூபாய். இதற்காக மட்டும் சின்ன கார் வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு மாடல்களுக்கு நடுவே மனம் ஊசலாடிக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

காரின் விலை கூடக் கூட ஓன் டேமேஜ் பிரீமியமும் கூடும். அதே மாடலின் டாப் எண்ட் வாங்கினால் ஷோரூமில் ஒரு முறை கூடுதலாகக் கொடுப்பதோடு முடியாது, ஒவ்வொரு ஆண்டு பாலிசியிலும் அது எதிரொலிக்கும். ஓட்டப் பழகும் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு, பாகங்கள் எங்கும் கிடைக்கிற, பட்டறைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்க்கிற சாதாரண கார்தான் நல்லது என்பது என் கருத்து.

‘சென்னையில் பதிந்தால் பிரீமியம் அதிகம், ஊரில் பதியலாம்’ என்று சொல்வார்கள். சென்னை ஏ மண்டலம், கோவை, மதுரை, திருச்சி உட்பட மாநிலத்தின் மற்ற இடங்கள் பி மண்டலம் என்பது உண்மைதான். ஆனால் 1000 சி.சி. வரையிலான புது காருக்குப் பழைய டாரிஃப் (2007-க்கு முன் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக இருந்த விலைப்பட்டியல்) விகிதம் சென்னையில் 3.127 சதவீதம், மற்ற ஊர்களில் 3.039 சதவீதம். 5 லட்சம் ரூபாய் காருக்கு 440 ரூபாய் வித்தியாசம். கம்பெனி தரும் தள்ளுபடி போக அது இன்னும் குறையும். இதற்காக ஊருக்கும் நகரத்துக்கும் அலைய வேண்டாம்.

நான்காவது படி: யார் பெயரில் வாங்குவது?

அப்பா பெயரில் கார், ஓட்டுவது மகன் அல்லது மகள் என்பது நம் வீடுகளில் சகஜம். அதில் சட்டச் சிக்கல் இல்லை, பிரீமியமும் கூடாது. ஆனால் இரண்டு விஷயங்களை வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

முதலாவது, அந்த 15 லட்சம் விபத்து கவர் ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்குத்தான், அதுவும் அவரிடம் லைசென்ஸ் இருந்தால்தான். கார் அம்மா பெயரில் இருந்து, அவருக்கு லைசென்ஸ் இல்லாமல், தினமும் ஓட்டுவது நீங்கள் என்றால் ஸ்டியரிங் பின்னால் இருக்கும் உங்களுக்கு அந்த கவர் கிடையாது. மற்றவருக்காக எடுத்த தேர்ட் பார்ட்டியும் உங்களுக்கு உதவாது. உங்கள் பெயரில் தனிநபர் விபத்து பாலிசி ஒன்று தனியாக எடுத்துவிடுங்கள். காருக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அதன் பிரீமியம் சிறியது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

இரண்டாவது, நோ கிளைம் போனஸ். கிளைம் இல்லாத ஆண்டுகளுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படிப்படியாகத் தள்ளுபடி ஏறும். இது காருக்குச் சொந்தமில்லை, உரிமையாளருக்குச் சொந்தம். அப்பா புது கார் வாங்கிக்கொண்டு பழையதை உங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுத்தால், 50 சதவீத போனஸ் உங்களுக்கு வராது. நீங்கள் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் அப்பா அதைத் தன் புது காருக்கு எடுத்துச் செல்லலாம். பழைய கம்பெனியிடம் போனஸ் சான்றிதழ் வாங்கி வைத்தால் மூன்று ஆண்டு வரை செல்லும். புது கார் விலை உயர்ந்தது என்பதால் 50 சதவீதத் தள்ளுபடி அங்கேதான் அதிகப் பணத்தை மிச்சப்படுத்தும். ஆக, குடும்பமாகப் பார்த்தால் நஷ்டமில்லை. சான்றிதழ் வாங்க மறப்பதுதான் நஷ்டம். உரிமையாளர் இறந்து கார் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ வரும்போது மட்டும் போனஸும் சேர்ந்து வரும்.

ஐந்தாவது படி: பழைய கார் வாங்கினால் 14 நாள்

முதல் காரைப் பெரும்பாலும் செகண்ட் ஹேண்டாகத்தான் வாங்குகிறோம். ‘இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாசம் இருக்கு சார்’ என்று விற்பவர் சொல்லும்போது நிம்மதியாக இருக்கும். அந்த எட்டு மாதம் தானாக உங்களுக்கு வந்துவிடாது.

கார் கைமாறும்போது தேர்ட் பார்ட்டி பகுதி மட்டும் சட்டப்படி புது உரிமையாளருக்கு மாறியதாகக் கொள்ளப்படும். ஓன் டேமேஜ் அப்படி மாறாது. உச்ச நீதிமன்றம் இதை 1995-96 வாக்கிலேயே தெளிவாக்கிவிட்டது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி, ஆர்.சி. பெயர் மாற்ற ஆவணங்களைக் கொடுத்து, பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய உரிமையாளரின் போனஸ் உங்களுக்குச் செல்லாது என்பதால் மீதி மாதங்களுக்கு அந்தத் தள்ளுபடித் தொகையைக் கம்பெனி உங்களிடம் வசூலிக்கும். அதைக் கட்டிவிடுங்கள். இந்தச் சில நூறு அல்லது சில ஆயிரத்தைத் தவிர்க்கப் பழைய பெயரிலேயே ஓட்டினால், விபத்து நடக்கும் நாளில் ஆர்.சி. ஒருவர் பெயரில், பாலிசி வேறொருவர் பெயரில் இருக்கும். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் கேட்பதே அந்த இரண்டு காகிதத்தைத்தான்.

வாங்கும் முன்பு விற்பவரிடம் பாலிசி நகலை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் எதுவரை என்று தெரியும். போன ஆண்டு கிளைம் ஏதாவது வாங்கினாரா என்றும் கேளுங்கள். பெரிய விபத்தில் சிக்கிய கார் என்றால் விலை பேசவே அது உதவும்.

காலாவதியான பாலிசியோடு கார் வந்தால், புது பாலிசி கொடுக்கும் முன் கம்பெனி காரைப் பார்வையிடும். இப்போது பெரும்பாலும் மொபைலில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். அது முடிந்து பாலிசி வரும்வரை காரை ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.

ஆறாவது படி: ஐ.டி.வி.யைக் குறைத்து ஏமாறாதீர்கள்

இணையதளங்களில் கொட்டேஷன் கேட்டால் மிகக் குறைந்த விலை ஒன்று மேலே வந்து நிற்கும். பல சமயம் அதற்குக் காரணம் ஐ.டி.வி. கார் திருடுபோனால் அல்லது முழுசாக நொறுங்கினால் கம்பெனி தரும் உச்சத் தொகை அது. தயாரிப்பாளர் இப்போது விற்கும் விலையிலிருந்து காரின் வயதுக்கேற்பக் கழிப்பார்கள்: 6 மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50.

7 லட்சம் ரூபாய் மாடல், வயது இரண்டே கால் ஆண்டு என்று வையுங்கள். ஐ.டி.வி. 4,90,000 வர வேண்டும். திரையில் 4,00,000 என்று இருந்தால் பிரீமியம் ஓரிரு ஆயிரம் குறைவாகத் தெரியும். கார் திருடுபோனால் 90,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழுச் சேதம் என்று முடித்துவிடுவார்கள் என்பதால், வெள்ளத்தில் மூழ்கிய காருக்கும் இதே கதைதான். கம்பெனிகளை ஒப்பிடும்போது எல்லாவற்றிலும் ஒரே ஐ.டி.வி. போட்டுவிட்டு அப்புறம் விலையைப் பாருங்கள்.

பத்துப் பன்னிரண்டு வயதான, லட்ச ரூபாய்கூடப் போகாத கார் என்றால் தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தாலே போதும். மிச்சமாகும் பணத்தைப் பட்டறைச் செலவுக்கு ஒதுக்கி வைக்கலாம்.

ஏழாவது படி: எந்த ஆட்-ஆன் வேண்டும்?

ஐந்து வயதுக்கு உட்பட்ட கார், ஓட்டுவது புதியவர் என்றால் ஜீரோ டெப்ரிசியேஷன் அவசியம் எடுங்கள். பேச்சு வழக்கில் பம்பர் டு பம்பர். மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் என்று கழிக்காமல் பணம் தரும் ஆட்-ஆன் இது. ஏன் என்று ஒரு பில்லை வைத்துப் பார்ப்போம். ஒன்றரை வயது கார், பார்க்கிங் தூணில் முன்பக்கம் நன்றாக மோதியிருக்கிறது. விலைகள் உதாரணத்துக்கு:

முன் பம்பர் 9,000. பிளாஸ்டிக் என்பதால் 50 சதவீதம் கழிவு, 4,500.
ஹெட்லைட் 11,000. அதுவும் பிளாஸ்டிக் கணக்கில் வந்தால் கழிவு 5,500.
ஃபெண்டர் 5,000. உலோகம், ஒன்று முதல் இரண்டு வயது காருக்கு 10 சதவீதம், 500.
பெயின்டிங் 8,000. இதில் கால்வாசி பெயின்ட் விலை என்று எடுத்து அதில் பாதி, 1,000.
கூலி 3,000. கழிவு இல்லை.

36,000 ரூபாய் பில்லில் 11,500 கழிந்துவிட்டது. 1500 சி.சி. வரையிலான காருக்குக் கட்டாயமாக நீங்கள் ஏற்க வேண்டிய 1,000 ரூபாய் தனி. ஆக 12,500 உங்கள் கையிலிருந்து. ஜீரோ டெப்ரிசியேஷன் இருந்தால் அந்த 1,000 ரூபாயும் சில்லறைச் செலவும்தான். புதிதாக ஓட்டுபவர் இடிப்பது பெரும்பாலும் பம்பரையும் லைட்டையும்தான்; அதிகக் கழிவு விழுவதும் அவற்றுக்குத்தான். ஆண்டுக்கு எத்தனை கிளைம் வரை இந்த ஆட்-ஆன் செல்லும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சில கம்பெனிகள் இரண்டோடு நிறுத்திவிடும்.

அடுத்தது எஞ்சின் பாதுகாப்பு. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அந்தப் பயத்துக்கு அர்த்தம் உண்டு. வெள்ளச் சேதம் சாதாரண ஓன் டேமேஜிலேயே வரும். ஆனால் எஞ்சினுக்குள் தண்ணீர் போன பிறகு சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்தால், சிலிண்டரில் இருக்கும் தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதை வெள்ளத்தின் நேரடிச் சேதம் இல்லை, பின்விளைவு என்று சொல்லிக் கம்பெனி தள்ளிவிடும். இந்த ஆட்-ஆன் இருந்தால் அந்தச் சேதத்தையும் கேட்க முடியும். தாழ்வான பகுதியில் குடியிருந்தால், தரைத்தளத்தில் பார்க்கிங் என்றால் எடுத்தே ஆகுங்கள். ஆட்-ஆன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, படம் எடுத்து, கம்பெனிக்குச் சொல்லி, டோ செய்துதான் எடுத்துப்போக வேண்டும்.

வழியில் நின்றால் உதவிக்கு வரும் ரோட் சைடு அசிஸ்டன்ஸ் மலிவானது, புதியவர்களுக்குப் பயன்படும். ஆனால் புது காருக்குத் தயாரிப்பாளரே கொடுத்திருப்பார், இரண்டு முறை வாங்க வேண்டாம். திருட்டிலும் முழுச் சேதத்திலும் பில் விலையையே தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ், கடன் போட்டு வாங்கிய புது காருக்கு நல்லது. சாவி தொலைந்தால், டயர் வெடித்தால் என்று நீளும் மற்றவற்றை விட்டுவிடலாம்.

எட்டாவது படி: தள்ளுபடிகளில் எது உண்மையான மிச்சம்?

விரும்பி ஏற்கும் கழிவு, அதாவது ஒவ்வொரு கிளைமிலும் இன்ன தொகை வரை நானே போட்டுக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டால் பிரீமியம் குறையும். பழைய டாரிஃப்படி 2,500 ரூபாய்க்கு உச்சத் தள்ளுபடி 750, 5,000-க்கு 1,500, 15,000-க்கு 2,500. கம்பெனி தரும் தொகை இப்போது இதிலிருந்து மாறலாம். சின்னக் கீறலுக்கெல்லாம் கிளைம் போவதில்லை என்று முடிவு செய்தவருக்கு முதல் இரண்டும் பொருந்தும். 2,500 ரூபாய்க்காக 15,000 ரூபாயைத் தலையில் ஏற்றிக்கொள்வது புதிய ஓட்டுநருக்குச் சரிவராது.

வாரக் கடைசியில் மட்டும் கார் எடுப்பவர், கல்லூரி ஹாஸ்டலில் இருந்து லீவுக்கு வந்தால் மட்டும் ஓட்டுபவர் என்றால், ஓட்டும் கிலோமீட்டருக்கு ஏற்றபடி பிரீமியம் வாங்கும் திட்டத்தைக் கேளுங்கள். 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இதை ஆட்-ஆனாக அனுமதித்தது. இளம் ஓட்டுநருக்கு நிஜமாகவே பணம் மிச்சமாகும் வழிகளில் இது ஒன்று. ஓடோமீட்டர் அளவை நேர்மையாகக் கொடுங்கள், எல்லையை நெருங்கினால் கூடுதல் கிலோமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

திருட்டுத் தடுப்புக் கருவிக்கு 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய். ஆட்டோமொபைல் அசோசியேஷன் உறுப்பினருக்கு அதிகபட்சம் 200 ரூபாய். ஏற்கெனவே இருந்தால் சொல்லுங்கள், இதற்காகப் போய்ச் சேர வேண்டாம்.

ஒரு தள்ளுபடியைத் தொடவே கூடாது. மற்றவர் சொத்துச் சேதத்துக்கான 7.5 லட்சம் ரூபாய் வரம்பை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டால் 100 ரூபாய் குறையும். நீங்கள் இடித்த கார் யாருடையது என்று யாருக்குத் தெரியும்? ஒரு பெட்டிக்கடையின் முகப்பை இடித்தாலே 6,000 ரூபாய் எந்த மூலைக்கு? கொட்டேஷனில் அந்தக் கட்டம் டிக் ஆகியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

ஒன்பதாவது படி: எங்கே வாங்குவது?

புது கார் வாங்கும்போது ஷோரூமில்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ‘வெளியே எடுத்தால் கேஷ்லெஸ் வராது’ என்பார்கள். கேஷ்லெஸ் என்பது ரிப்பேர் பணத்தைக் கம்பெனியே நேராகக் கொடுத்துவிட, கம்பெனிக்கும் அந்த சர்வீஸ் சென்டருக்கும் உள்ள ஒப்பந்தம். பாலிசியை யார் விற்றார் என்பதைப் பொறுத்ததில்லை. நீங்கள் காரை விடப்போகும் சர்வீஸ் சென்டர் எந்தெந்தக் கம்பெனிகளோடு கேஷ்லெஸ் வைத்திருக்கிறது என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் மூன்று நான்கு கம்பெனிகளிடம் ஒரே ஐ.டி.வி., ஒரே ஆட்-ஆன்கள் போட்டு விலை வாங்குங்கள். அந்தத் தாளை ஷோரூமில் காட்டினால் பல சமயம் அவர்களே இறங்கி வருவார்கள்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா உள்ளிட்ட பொதுத்துறைக் கம்பெனிகள், சோழா எம்.எஸ்., ராயல் சுந்தரம் போன்ற தனியார் கம்பெனிகள், முழுக்க இணையத்தில் இயங்கும் புதியவை என்று தேர்வுக்குக் குறைவில்லை. ஊரில் நல்ல ஏஜென்ட் இருந்தால் அவரை விலைக்காக மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். முதல் விபத்தில் கை நடுங்கும்போது போனை எடுத்து, என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆள் இருப்பதற்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம்.

பாலிசி வந்ததும் பெயர், வண்டி எண், எஞ்சின் எண், சேசிஸ் எண், போனஸ் சதவீதம் எல்லாவற்றையும் ஆர்.சி.யோடு வைத்துப் பாருங்கள். சில நாளில் எம்-பரிவாகனில் புது தேதி ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பத்தாவது படி: எப்போது கிளைம், எப்போது கைக்காசு?

ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ரூபாய் என்று வையுங்கள். நீங்கள் 25 சதவீத போனஸில் இருக்கிறீர்கள். இந்த ஆண்டு கிளைம் இல்லையென்றால் அடுத்து 35, 45, 50, 50, 50. கிளைம் செய்தால் 0, 20, 25, 35, 45. ஐந்து ஆண்டுகளில் இழப்பது 105 சதவீதம், அதாவது 10,500 ரூபாய். கார் பழசாகப் பழசாகப் பிரீமியம் இறங்கும் என்பதால் உண்மையில் அதைவிடக் கொஞ்சம் குறையும். எப்படிப் பார்த்தாலும் 4,000 ரூபாய் டிங்கரிங் வேலைக்குக் கிளைம் போவது லாபமில்லை. ஒரு பக்கம் மொத்தமாகச் சேதமானால் தயங்காமல் போங்கள், அதற்காகத்தானே பிரீமியம் கட்டுகிறோம்.

கிளைம் எடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு வேறு கம்பெனியில் ‘கிளைம் எதுவும் இல்லை’ என்று டிக் செய்து போனஸ் வாங்குவதும் நடக்கிறது. கம்பெனிகள் ஒன்றுக்கொன்று விசாரித்துக்கொள்ளும். பெரிய கிளைம் வரும்போது இது வெளியே வந்தால் பணம் குறையும், மறுக்கவும் வாய்ப்புண்டு.

கிளைம் மறுக்கப்படும் மற்ற காரணங்களில் இளைஞர்கள் கவனிக்க வேண்டியது ஓன் போர்டு காரை வாடகைக்கு விடுவது. நண்பனின் நண்பனுக்கு நாள் வாடகைக்குக் கொடுப்பது, சவாரி ஏற்றுவது எல்லாமே சொந்த உபயோகத்துக்கான பாலிசிக்கு வெளியே. குடித்துவிட்டு ஓட்டினாலும் அப்படியே. பிறகு போட்ட சி.என்.ஜி. கிட், ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏறியிருக்க வேண்டும்.

விபத்து நடந்தால் முதலில் அடிபட்டவரைக் கவனியுங்கள், 108-ஐ அழையுங்கள். அப்புறம் காரை நகர்த்தும் முன் நாலு பக்கமும் படம் எடுத்து, கம்பெனிக்கு அன்றே தகவல் சொல்லுங்கள். யாருக்காவது காயம் என்றால் போலீஸில் சொல்வது கட்டாயம். சர்வேயர் பார்க்கும் முன் காரைப் பிரிக்க பட்டறைக்கு அனுமதி கொடுக்காதீர்கள்.

கடைசியாக, ரினியூவல்

பாலிசி முடியும் நாள் நள்ளிரவோடு கவர் முடிகிறது. 90 நாளுக்கு மேல் விட்டால் சேர்த்த போனஸ் மொத்தமும் போய்விடும். முடியும் தேதிக்கு மூன்று வாரம் முன்பே போனில் நினைவூட்டல் வையுங்கள். வேறு கம்பெனிகளின் விலையைப் பார்க்கவும் அந்த அவகாசம் போதும். கம்பெனி மாறினாலும் போனஸ் கூடவே வரும். மூன்றாண்டு தேர்ட் பார்ட்டியோடு வாங்கிய புது கார் என்றால் இரண்டாம் ஆண்டில் ஓன் டேமேஜ் மட்டும் தனியாக, எந்தக் கம்பெனியிலும் எடுக்கலாம். பழைய கம்பெனியிலேயே தொடர வேண்டிய அவசியமில்லை.

கிளைமில் அநியாயமாகக் குறைத்துவிட்டார்கள் என்று தோன்றினால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும், இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. பாலிசி நகல், சர்வேயர் கணக்கு, பட்டறை பில், கம்பெனிக்கு எழுதிய கடிதம் ஆகியவற்றை ஒரே ஃபைலில் வைத்திருந்தால் போதும்.